ரே ஆற்றுப் பாலத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கதவு

டாமரிஸ் ஹோய்ல் எல்லர்ஷா முதலாளியின் முன்னால் மண்டியிடவே இல்லை என்று எங்கள் ஸ்கார் கரையில் இன்றும் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மை இல்லை. மண்டியிட்டாள். தேவாலயத்தின் நடுவில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கிழிந்த உள்பாவாடையோடு அவருடைய காலடியில் விழுந்தாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் யாராவது அந்தப் பெருமையை அவள் காதுபடச் சொன்னால், "விழுந்தேன். இன்னொரு தடவை விழணும்னாலும் விழுவேன்" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிவாள்.

அவள் கல்லுடைக்கிறவரின் மகள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்கார் கரை: கல்குவாரி, கல் வீடுகள், இரண்டு சாராயக் கடைகள். அந்தப் பக்கம் எல்லர்ஷாவின் நெசவு மில், தேவாலயம், டாக்டர் வீடு, கடைவீதி. பிழைப்பு அந்தப் பக்கம், குடியிருப்பு இந்தப் பக்கம். பாலம் வருவதற்கு முன்னால் தண்ணீர் வற்றிய நாளில் மிதிகற்களின்மேல் கால் வைத்துத் தாண்டுவார்கள். தண்ணீர் ஏறிய நாளில் நோவா கிரிம்ஷாவின் படகு. டாமரிஸ் சிறுமியாக இருந்தபோதே மரச்செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விடியுமுன் அந்தக் கற்களைத் தாண்டி மில்லுக்குப் போனவள். ஒரு ஐப்பசி வெள்ளத்தில் அவளோடு தறியில் நின்ற இரண்டு பெண்கள் கல்லில் வழுக்கிப் போய்விட்டார்கள். அவர்களை மில் மதகில்தான் கண்டெடுத்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் எல்லர்ஷா தன் செலவில் பாலம் கட்ட ஆரம்பித்தார். செத்த பெண்களுக்காக என்று நாங்கள் நினைத்தோம். அவர் தன் மனைவிக்காகக் கட்டினார். அடிலா அம்மாள் அந்தக் குளிர்காலத்தில்தான் காய்ச்சலில் இறந்திருந்தார். மனிதர் பாலத்துக்குக் கல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை, இரும்பைத்தான் தேர்ந்தெடுத்தார். தூண்களும் அவற்றின் தலையில் இருந்த இலைக்கொத்துகளும் வார்ப்பிரும்பு. அவற்றை அச்சில் ஊற்றி, ரயிலில் ஏற்றி, கடைசி மேட்டுக்குக் குதிரை வண்டியில் இழுத்து வந்தார்கள். ஆற்றைத் தாண்டிப் போகும் இரு பக்கச் சட்டங்கள் உலையில் காய்ச்சி அடித்த இரும்பு. பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒவ்வொரு சந்திலும் ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ லேஸ் பின்னி ஆற்றின் குறுக்கே காயப்போட்டதுபோல இருக்கும். நடக்கும் இடம் மரப்பலகை. மில் பக்கத்து முதல் தூணில் ஒரு வட்டத் தகடு, அதில் அடிலா அம்மாளின் பெயரெழுத்துகள் இரண்டும் கொடிபோலப் பின்னிக்கொண்டு நிற்கும். எல்லர்ஷா தினமும் மாலையில் வந்து அந்தத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுப் போவார்.

பாலத்தைக் கட்ட வந்த கூட்டத்தில் ஒருவன்தான் ஏனோக் ஹோய்ல். கரையில் சின்ன உலை வைத்து ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி மேலே எறிவான். டாமரிஸ் மில்லிலிருந்து திரும்பும்போது அங்கே கொஞ்சம் நிற்பாள். குளிருக்காக என்று சொல்லிக்கொள்வாள்.

"ஏன்யா, இவ்வளவு ஓட்டை வச்சுக் கட்டுறீங்களே, இது நிக்குமா?"

"ஓட்டை இருக்கறதாலதான் நிக்கும். காத்து உள்ள பூந்து போயிரும்ல?"

"அப்படியும் விழுந்தா?"

"கீழ நின்னு உன்னப் பிடிச்சுக்கறேன்."

"உன்ன யாரு பிடிப்பா?"

"அதுக்குத்தான் ஒரு ஆள் தேடிக்கிட்டிருக்கேன்" என்றான் ஏனோக்.

பாலம் திறந்த அன்று பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்தபடி நடுப்பாலம்வரை வர, எல்லாரும் ஒரே தாளத்தில் அடி வைக்க, பலகை துள்ளியது. ஏனோக் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து, "தாளத்தை விட்டுட்டு நடங்க! ஆளுக்கொரு பக்கமா நடங்க!" என்று கத்தினான். ஊரே சிரித்தது. அவன் வேலைத் தோழர்கள் அடுத்த பாலத்துக்குப் போனபோது அவன் போகவில்லை. மில்லில் கொல்லனாகச் சேர்ந்தான். டாமரிஸைக் கட்டிக்கொண்டு, ஸ்கார் கரையில் மில் கொடுத்த வீடொன்றில் குடியேறினான்.

பாலம் வந்ததும் இரண்டு விஷயங்கள் போயின. நோவாவின் படகில் ஏற ஆள் கிடைக்கவில்லை. படகை விற்றான், அந்த ஆண்டே ஏழை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தான். மிதிகற்களைப் பெயர்த்துப் பாலத்தின் கரைச் சுவருக்குள் நிரப்பினார்கள். அப்போது யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரும்புப் பாலம் இருக்கும்போது கல் எதற்கு?

இரண்டாம் ஆண்டு பாலத்தின் மில் பக்கக் கோடியில் கதவு வந்தது. எல்லர்ஷா ஓய்வுநாளைக் கண்டிப்பாக அனுசரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மில் பக்கத்து ஆட்கள் பாலம் தாண்டி வந்து எங்கள் சாராயக் கடைகளில் குடித்துவிட்டு, திங்கட்கிழமை தறியைத் தொடாமல் படுத்துக்கிடந்தார்கள். தன் மனைவியின் பாலத்தில் அவர்கள் பாடிக்கொண்டு, வாந்தியெடுத்துக்கொண்டு நடப்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார். சனிக்கிழமை மாலை பூட்டி, திங்கள் காலை திறக்க உத்தரவானது. பையன்கள் பாலத்துக்கு வெளிப்பக்கமாகத் தொற்றிக் கதவைச் சுற்றி வந்தார்கள். உடனே கதவின் இரு பக்கமும் ஆற்றின் மேலே விரிந்து நிற்கும்படி, மயில் தோகைபோல இரும்பு முட்களை வைக்கச் சொன்னார். அந்த முட்களை அடித்தது ஏனோக்.

வீட்டு வாசலில் அரம் போட்டுக்கொண்டிருந்தவனிடம் டாமரிஸ் கேட்டாள். "இவ்வளவு கூர் எதுக்கு?"

"குத்துற மாதிரி இல்லன்னா முள்ளு எதுக்கு? சொன்னதச் செய்யறேன்."

"யாரையாவது கிழிச்சிரப் போவுது."

"குடிகாரப் பயல்களத்தான கிழிக்கும்" என்றான்.

அவர்களுக்கு ஹெட்டி ஒருத்திதான் தங்கினாள். அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தவழ்வதற்குள் போய்விட்டன. ஹெட்டி வாயாடி. தெருவில் போகிற குதிரையிடமும் பேசுவாள்.

அவளுக்கு நான்கு வயதானபோது, மாசி மாதக் கடைசியில் மலைப்பனி ஒரேயடியாக உருகியது. ரே ஆறு மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது. அந்த வாரம் ஹெட்டிக்குத் தொண்டை வலித்தது. சனிக்கிழமை மாலை ஏனோக் மில்லுக்குக் கிளம்பினான். கொதிகலனின் புகைவழியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய எந்திரம் நிற்கும் நாள் ஞாயிறு ஒன்றுதான். ஓய்வுநாளில் யாரும் பாலம் தாண்டக்கூடாது என்பதால், அந்த வேலைக்காரர்கள் கதவு பூட்டுமுன் போய் மில்லிலேயே படுத்து, திங்கட்கிழமை திரும்புவார்கள். இதில் எல்லர்ஷாவுக்கு முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கும் அன்றுவரை தெரியவில்லை.

"தேன் கொஞ்சம் சூடு பண்ணிக் குடு. திங்கக்கிழமை டாக்டர்கிட்டக் காட்டிக்கலாம்" என்று குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை ஹெட்டிக்குக் குரலே இல்லை. மூச்சு, மரம் அறுக்கிறதுபோல வந்தது. டாமரிஸ் கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி பிடிக்க வைத்தாள். வாத்துக் கொழுப்பைக் கம்பளித் துணியில் தடவி நெஞ்சில் கட்டினாள். பக்கத்து வீட்டு பெக் வந்து, குழந்தையின் வாயைத் திறந்து விளக்கொளியில் பார்த்தாள். பெக் தன் குழந்தைகளில் ஒன்றை அதற்குப் பறிகொடுத்தவள்.

"என்னடி, சொல்லேன்" என்றாள் டாமரிஸ்.

"வெள்ளையா படிஞ்சிருக்கு. தொண்டை அடைப்பான்."

"உம்பையனுக்கு வந்ததா?"

"அதேதான். டாக்டர் தொண்டையக் கீறி மூச்சு விட வைப்பாராம். எங்களுக்கு அப்பத் தெரியாது." பெக் குழந்தையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். "நிக்காதடி. ஓடு. நான் இவளத் தூக்கி வச்சுக்கறேன்."

ஆறு போகும் திசையில் கீழே இருந்த பழைய கல்பாலத்தைச் சுற்றிப் போனால் நாலு மைல், திரும்ப நாலு மைல். டாமரிஸ் அதை நினைக்கக்கூட இல்லை. இரும்புப் பாலத்துக்கு ஓடினாள். பலகைகளுக்குக் கீழே தண்ணீர் மோதி, பாலம் முழுதும் அதிர்ந்துகொண்டிருந்தது. மறுகோடியில் கதவு. அதற்கு அப்பால் காவல்காரர் ஜேபஸின் சின்ன அறை. ஜேபஸ் அவளுடைய தாய்மாமன். மில்லில் பல்சக்கரம் ஒரு காலைத் தின்ற பிறகு இந்தக் காவல் வேலை கொடுத்திருந்தார்கள்.

"மாமா! மாமா! கதவைத் திறங்க! ஹெட்டிக்கு மூச்சு அடைக்குது!"

ஜேபஸ் ஊன்றுகோலோடு வெளியே வந்தார். கம்பிகளுக்கு நடுவில் அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு நிறம் போய்விட்டது.

"சாவி எங்கிட்ட இல்லம்மா. சனிக்கிழமையே ஐயா வீட்டுக்குப் போயிருமே."

"அப்ப போய்க் கேளுங்க! டாக்டரக் கூப்பிடுங்க!"

"போறேன், போறேன்." அவர் திரும்பி நடந்தார். நடந்தார் என்று சொல்வதும் சரியில்லை. கோலை ஊன்றி, உடம்பைத் தூக்கி, காலை இழுத்து, மறுபடியும் கோலை ஊன்றி. தேவாலயம் மேட்டில். டாமரிஸ் அவர் நாலடி வைக்கிறவரைக்கும் பார்த்தாள். பிறகு மரச்செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கச் சட்டத்தில் ஏறினாள்.

"ஏய், வேணாம்! டாமரிசு! ஆத்துல போயிருவடி!" ஜேபஸ் திரும்பி வந்தார்.

பின்னல் பட்டைகளின் இடைவெளியில் கால்விரலைச் செருகி, வெளிப்பக்கமாகக் கதவுவரை போனாள். முட்கள் அவள் கைக்கு எட்டாத தூரம்வரை விரிந்திருந்தன. முட்களையே பிடித்தாள். அரம் போட்ட கூர் உள்ளங்கையில் இறங்கியது. ஒரு காலை அந்தப் பக்கம் போட்டபோது பாவாடை மாட்டிக்கொண்டது. இழுத்தால் பிடி நழுவும். இழுக்காவிட்டால் அங்கேயே தொங்க வேண்டியதுதான்.

"கத்தி இருக்கா மாமா?"

"எட்டாதும்மா! இடுப்பு முடிச்ச அவுத்து விடு! போனாப் போவுது துணி!"

ஒரு கையால் முடிச்சை அவிழ்த்தாள். கனத்த கம்பளிப் பாவாடை முள்ளில் கொஞ்சம் ஆடி, கிழிந்து, ஆற்றில் விழுந்து போனது. ஜேபஸ் தூணைக் கட்டிக்கொண்டு ஊன்றுகோலை நீட்டினார். அதைப் பிடித்து அவள் கரையேறினாள். நன்றி சொல்ல நிற்கவில்லை.

தேவாலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கதவு திறந்ததும் குளிர் காற்று உள்ளே வர, எல்லாரும் திரும்பினார்கள். வெறுங்கால், உள்பாவாடை, கையிலிருந்து சொட்டும் ரத்தம். வாசலில் நின்ற மூப்பர் அவள் தோளைப் பிடித்தார். "இந்தக் கோலத்துலயா கர்த்தரோட வீட்டுக்குள்ள வர்றது? வெளிய நில்லு. பிரசங்கம் முடியட்டும்."

"டாக்டரய்யா! எம்பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான். மூச்சு நிக்கப் போவுது!"

டாக்டர் லம்ப் எழுந்தார். எழுந்துவிட்டு முன் வரிசையைப் பார்த்தார். பாலத்தைத் திறக்காமல் அவரால் எங்கே போக முடியும்? டாமரிஸும் அதைப் பார்த்தாள். மூப்பரின் கையை உதறிவிட்டு நடுவழியில் ஓடி எல்லர்ஷாவின் காலடியில் விழுந்தாள்.

"ஐயா, சாவி. ஐயா, சாவியக் குடுங்க."

எல்லர்ஷா கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய முகம் வெளுத்துவிட்டதாக அங்கே இருந்தவர்கள் எல்லாருமே சொன்னார்கள். "எழுந்திரும்மா. சாவி வீட்டுல, மேசைக்குள்ள இருக்கு. இப்பவே ஆள் அனுப்புறேன்" என்று சொல்லி, தன் குதிரைக்காரனை அனுப்பினார். ஆனால் அவருடைய வீடு குன்றின் உச்சியில். ஓய்வுநாளில் குதிரைகளை வண்டியில் பூட்டுவதில்லை. குதிரைக்காரன் நடந்துதான் போனான்.

டாக்டர் பையை எடுக்கத் தன் வீட்டுக்குப் போனார். டாமரிஸ் மில்லுக்கு ஓடினாள். புகைவழியின் வாய்க்குள் தலையை விட்டுக் கத்தினாள். உள்ளேயிருந்து ஏனோக் தவழ்ந்து வந்தான். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கரி.

"ஹெட்டி" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

அவன் எதுவும் கேட்கவில்லை. பட்டறைச் சுவரில் சாய்த்திருந்த பெரிய சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கதவருகில் டாக்டர் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஜேபஸ் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார்.

"பொறு ஏனோக். ஐயாவோட ஆள் போயிருக்கான். வந்துருவான்" என்றார் டாக்டர்.

ஏனோக் குன்றுப் பாதையைப் பார்த்தான். பாதையில் யாரும் இல்லை. டாமரிஸ் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரையையே பார்த்தபடி நின்றாள். வீட்டு வாசலில் பெக் ஒரு வெள்ளைத் துணியை ஆட்டுவது தெரிந்தது. சீக்கிரம் என்கிறாளா, முடிந்துவிட்டது என்கிறாளா, யாருக்கும் புரியவில்லை.

"அடிங்க" என்றாள் டாமரிஸ்.

கதவு அவனே அடித்த இரும்பு. அதைத் தட்டினால் வளையும், உடையாது. பூட்டும் அப்படித்தான். ஆனால் கதவைத் தாங்கிய தூண் வார்ப்பிரும்பு. கண்ணாடிபோல, ஓங்கி ஒரு இடத்தில் அடித்தால் விட்டுவிடும். கீலைத் தாங்கித் தூணிலிருந்து துருத்தி நின்ற காதில் அடித்தான். முதல் அடியில் சத்தம் மட்டும் ஆறு முழுக்கக் கேட்டது. அடுத்து அடித்ததில் காது தெறித்தது. கூடவே ஒரு விரிசல் தூணில் மேலேறி, அடிலா அம்மாளின் வட்டத் தகட்டை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி பலகையில் விழுந்து உருண்டது. கதவு சாய்ந்தது. டாக்டர் அதன் மேலேயே மிதித்து ஓடினார்.

குதிரைக்காரன் சாவியோடு வந்து சேர்ந்தபோது அவர்கள் நடுப்பாலத்தில் இருந்தார்கள்.

பெக் குழந்தையை ஜன்னலருகில் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம். டாக்டர் சமையல் மேசையைத் துடைத்துவிட்டுக் கிடத்தச் சொன்னார். ஏனோக் கால்களைப் பிடித்தான். டாமரிஸ் ரத்தக் கையால் தலையைப் பிடித்தாள். கீறியதும் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கீறலிலிருந்து ரத்தக் குமிழியோடு ஒரு சீழ்க்கை. காற்று உள்ளே போகும் சத்தம். டாக்டர் வெள்ளிக் குழாயைச் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹெட்டி பிழைத்தாள்.

மறுநாள் காலை போலீஸ்காரர் வந்து ஏனோக்கை அழைத்துப் போனார். தன் மனைவியின் நினைவுச் சின்னத்தை உடைத்தான் என்று எல்லர்ஷா வழக்குத் தொடுத்தார். உடைந்த தகட்டின் முன்னால் அவர் வெகுநேரம் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார் என்று ஜேபஸ் சொன்னார். நீதிமன்றத்தில் அவருடைய வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாவி வந்துகொண்டிருந்தது, காத்திருந்தால் குழந்தை செத்திருக்குமா?

டாக்டர் லம்ப் கூண்டில் நின்றார். டாமரிஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஹெட்டி, கழுத்தில் கட்டு. டாக்டரின் வீடு எல்லர்ஷாவுக்குச் சொந்தமான வீடு. மில் தொழிலாளர்களின் மருத்துவச் செலவை அவருக்குக் கொடுப்பதும் மில்தான். அவர் குழந்தையைப் பார்த்தார், தன் கையுறைகளைப் பார்த்தார்.

"நிச்சயமா சொல்ல முடியாது" என்றார்.

டாமரிஸ் எழுந்து நின்றாள். "டாக்டரய்யா, நீங்கதான அவ உதட்டப் பாத்தீங்க? இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு எங்கிட்டச் சொன்னீங்களா இல்லையா?"

உட்காரச் சொன்னார்கள். டாக்டர் இறங்கிப் போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை. ஏனோக்குக்குக் கடுங்காவல் கிடைத்தது. கோடைக்காலம் முழுக்க உள்ளே இருந்தான்.

வீடு மில்லின் வீடு. காலி செய்யச் சொன்னார்கள். பெக்கின் கணவன் குவாரியில் வேலை செய்தான், அவர்கள் வீடு எல்லர்ஷாவுடையது அல்ல. "எங்க வீட்டு மாடில எலியும் இருக்கு, இடமும் இருக்கு. வா" என்றாள் பெக். டாமரிஸின் தறியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக ஜேபஸ் வந்து, தலை குனிந்தபடி, ஹோய்ல் குடும்பத்தார் யாரும் எந்த நாளும் பாலத்தில் கால் வைக்கக்கூடாது என்ற உத்தரவையும் சொன்னார். பாலம் தனியார் சொத்து. தூணுக்குப் புதுக் காது பொருத்த எங்கள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து அடித்த இரும்பிலேயே பட்டை போட்டு இறுக்கினார்கள்.

ஏனோக் இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தான். சிறைக்குள் போன ஆளின் பாதிதான் வந்தது. பள்ளத்தாக்கில் எந்த மில்லும் அவனை உள்ளே விடவில்லை. வாசல்வரை போய், பெயரைச் சொல்லி, திரும்பி வருவான். சாப்பாட்டு நேரத்தில் தட்டை ஹெட்டியின் பக்கம் தள்ளுவான். ஹெட்டி பேச வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வரும். குரல் திரும்பவே இல்லை. அவள் அசையும் உதட்டை அவனால் பார்க்க முடியவில்லை.

"நான் கொஞ்சம் முன்னாடியே அடிச்சிருக்கணும்" என்றான் ஒருநாள்.

"உயிரோட இருக்கா. சாப்பிடு" என்றாள் டாமரிஸ்.

"அந்த முள்ள நான்தான் அடிச்சேன். உங்கையப் பாரு."

"கை வேல செய்யுது. சாப்பிடுங்கறேன்ல."

அவன் வடக்கே ரயில் பாலம் கட்டும் கூட்டத்தில் சேர்ந்து போனான். ஒன்றிரண்டு முறை வந்தான். ஒரு குளிர்காலத்தில் அவனோடு வேலை பார்த்த ஒருவன் மலைப்பாதையில் நடந்து வந்து, சாரம் சரிந்ததையும் புதைத்த இடத்தையும் சொல்லி, ஏனோக்கின் பூட்ஸை மேசையில் வைத்தான். டாமரிஸ் அந்த ஆளின் காலைப் பார்த்தாள். செருப்பில் கந்தல் சுற்றியிருந்தான். பூட்ஸை அவனிடமே தள்ளினாள். "போட்டுக்க. நீ திரும்பி நடக்கணும்ல." அவன் போன பிறகு மாடிக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெக் கீழே ஹெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மேலேயிருந்து எந்தச் சத்தமும் குழந்தைக்குக் கேட்காதபடி, சட்டி பானையை ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அந்தக் கரையில் கடைக்காரர் ஒருவரின் வீட்டுச் சலவை வேலை கிடைத்தது. கல்பாலத்தைச் சுற்றி நாலு மைல் போய், நாலு மைல் வருவாள். மழை, பனி, சகதி. பாதையின் பாதித் தூரத்துக்கு இரும்புப் பாலம் கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அவள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்குவாரி வண்டிக்காரன் ஒருவன் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தான். "இனிமே முடியலடி" என்று பெக்கிடம் சொன்னாள். "ஹெட்டியயும் கூட்டிக்கிட்டு ஆத்துல இறங்கிரலாம்னு நெனச்சேன். தண்ணியப் பாத்தேன். இறங்கத்தான் இருந்தேன்."

பெக் அன்று அவளைத் திட்டவில்லை. மறுநாள் காலை ஜேபஸிடம் போய் அவரைத்தான் திட்டினாள். என்ன சொன்னாள் என்று இருவரும் வெளியே சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் விடியலில், மில் மணிக்கு முன் கூட்டம் பாலத்தில் நெருக்கிக்கொண்டு போகும் நேரத்தில், பெக் டாமரிஸின் கையைப் பிடித்து அந்தக் கூட்டத்துக்குள் இழுத்தாள்.

கதவில் ஜேபஸ் நின்றார். டாமரிஸைப் பார்த்தார். பிறகு கோலை ஊன்றித் திரும்பி, தன் அறைச் சுவரைப் பார்த்து நின்றார்.

"என்ன மாமா, சுவத்துல என்ன பாக்குறீங்க?" என்று ஒருத்தன் கேட்டான்.

"சுண்ணாம்பு உரியுது. பாத்துக்கிட்டிருக்கேன். நீ உன் வேலயப் பாத்துக்கிட்டு நட."

தினமும் சுண்ணாம்பு உரிந்தது. மாலையில் அவள் திரும்பும்போதும் உரிந்தது. பாலம் தாண்டும் இருநூறு முந்நூறு பேருக்கும் தெரியும். மில்லில் மேஸ்திரிகளுக்கும் தெரியும். எல்லர்ஷாவின் காதுக்கு மட்டும் போகவில்லை. அல்லது போயிருக்கலாம், அவர் அப்போது கிழவராகிவிட்டார், பாலத்துக்கு வருவதையும் நிறுத்தியிருந்தார். அவர் இறந்ததும் அவருடைய மகன் பாலத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். ஊர்ச் சபை கதவைக் கழற்றியது. பார்க்க வா என்று டாமரிஸை அழைத்தார்கள். அன்று துணி துவைக்கும் நாள் என்று அவள் போகவில்லை.

ஹெட்டி வளர்ந்து, அந்த மில்லுக்கே தறி வேலைக்குப் போகிறேன் என்று கையசைத்துச் சொன்னபோதுதான் டாமரிஸ் கொந்தளித்தாள். "அந்த ஆளோட மில்லுலயா? உங்கப்பன் யாராலடி செத்தான்?" ஹெட்டி கேட்கவில்லை. தாயின் பிடிவாதம் மகளுக்கும் இருந்தது. டாமரிஸ் அவளோடு கோடைக்காலம்வரை பேசவில்லை.

ஒருநாள் ஹெட்டி மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாள். டாமரிஸ் ரொட்டியையும் குளிர்ந்த உருளைக்கிழங்கையும் துணியில் கட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் நுழையாத தறிக்கொட்டகைக்குள் நுழைந்தாள். நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சல். அங்கே யாருக்கும் குரல் பயன்படாது. பெண்கள் தறிக்குத் தறி உதட்டை அகலமாக அசைத்து, புருவத்தையும் கையையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்; இளம் வயதில் அவளும் அப்படித்தான் பேசினாள். ஹெட்டி முதுகைக் காட்டி நின்றாள். எதிர்த்தறிப் பெண்ணிடம் வாயை அகட்டி அகட்டி ஏதோ வம்பு சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கடுத்த தறிக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, என்ன, திரும்பச் சொல்லு" என்று உதட்டால் கேட்டாள். ஹெட்டி திரும்பச் சொன்னாள்.

டாமரிஸ் சாப்பாட்டு மூட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு, மேஸ்திரி வந்து தோளைத் தொடும்வரை, மகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.